மூன்று நாள்

எர்ணாவூர் பாலத்திலிருந்து
ஜீரோ கேட் வரைக்கும் லாரிகள்.
நேற்று மதியம் நின்ற இடம்.
அதே டீக்கடை, அதே நாய்.

'போய்ட்டு வா, நகந்தா நான் நகத்திக்கறேன்'
என்றான் ஜெரால்டு.
செருப்பை கிளட்ச் அடியில் விட்டு
திருவொற்றியூரில்
இன்னொரு வரிசையில் போய் நின்றேன்.

அதுவும் நகரவில்லை.
மகிழமரத்தடியில் ஆபீஸ் போன்:
'கேட்டாண்ட வந்துட்டேன் சார்.'
சத்தியமா என்று மட்டும் சொல்லவில்லை.
பொய்ச்சத்தியம் ஒருவன் கண்ணையே
வாங்கிய மரம் அது.

பதினெட்டு வருஷமாய்ப் பெட்டி இழுக்கிறேன்.
சீல் எண் சரியா என்று பார்ப்பதோடு சரி.
துணியோ, கிரானைட்டோ, மிளகாயோ,
வளைவில் சாயும் கனத்தை வைத்து
ஊகிப்பதுதான்.

இவரும் அப்படித்தான்,
வருஷம் முழுக்கக் கவசத்துக்குள்.
கார்த்திகைப் பௌர்ணமிக்கு மூன்று நாள்
திறக்கிறார்கள்.

இரண்டு நொடி இருக்கும்.
தைலத்தில் கறுத்து
ஒரு புற்று.
மண்.
அவ்வளவு பக்கத்தில் மண்ணை
நான் பார்த்ததில்லை போலிருந்தது.
பின்னாலிருந்த அம்மா முழங்கையால் தள்ள
வெளியே வந்துவிட்டேன்,
உள்ளங்கையில் ஒரு சொட்டுடன்.

வண்டி
ஏழு வண்டி தூரம் போயிருந்தது.
'எப்படி இருந்தாரு?' என்றான் ஜெரால்டு.
வாய் வரவில்லை.
கையை நீட்டினேன்.
கண்ணை மூடி மோந்தான்.

'டீசல்தான்யா அடிக்குது.'

'அதுக்குக் கீழ' என்றேன்.