கைவசம் ஒரு பெயர்

ஒலிப்பதிவுக் கருவியை
இஸ்திரி மேசையின் ஓரத்தில் வைத்தேன்.
"அங்கே வேண்டாம், ஆவி படும்" என்று
சர்க்கரை டப்பாவின் மேல் நகர்த்தினாள் நில்சா எச்செவெரி.
மொந்தெவிதேயோ, துறைமுகத்துக்குப் பின்தெரு,
மூன்றாம் மாடி, மின்தூக்கி இல்லை.
சன்னலில் பழுப்பாய் ஆறு.
அக்கரை தெரியாததால் கடல் போல நடந்துகொள்ளும்;
அதனிடம் யாரும் அட்டை கேட்பதில்லை.
ஓட்டல் மேசைவிரிப்புகள் நாற்பது, சனிக்கிழமைக்குள்.
நிறுத்திவிட்டுப் பேச அவளுக்கு நேரமில்லை.

அதனால் என் பதிவுகள் எல்லாவற்றிலும்
உஸ் என்றொரு மூச்சு.
"அப்பா என்னை" உஸ் "பதினைந்து வயதில்"
உஸ்.
பெயர் வைத்தவர்கள் சோறு வைக்கவில்லை,
அவ்வளவுதான், அடுத்த கேள்வி கேள் என்றாள்.

காவல் நிலையத்துக் கதையை மூன்று முறை சொன்னாள்.
முதல் வாரம் காவலர்கள் இருவர்.
அடுத்த வாரம் நால்வர், கூட ஒரு நாய்.
மூன்றாம் முறை நாய் மட்டும்.
விடியும்வரை அவள் காலருகே படுத்திருந்ததாம்,
அந்தக் கட்டடத்தில்
அவளை முகர்ந்து பார்த்துவிட்டு
வாலாட்டிய ஒரே பிராணி.
குறிப்பேட்டில் 'முரண்' என்று எழுதி
அடியில் இரண்டு கோடு போட்டேன்.
எதிரே நின்று தலைகீழாகவே படித்துவிட்டாள்.
"எத்தனை பேர் என்று எண்ணுகிற நிலையிலா இருந்தேன், பெண்ணே?
நாயை எண்ணினேன். அது ஒன்று."

ஐந்தாம் பதிவு, இருபத்திரண்டாவது நிமிடம்:
தோழி ஒருத்தியின் பெயரைச் சொன்னாள், நின்றுவிட்டாள்.
'மௌனம், நாற்பத்தொரு நொடி' என்கிறது எழுத்துப்படி.
அதில் இல்லாதவை:
கருகிய பருத்தியின் வாசனை,
வெள்ளை விரிப்பில் படகு வடிவில் ஒரு தீய்ந்த தடம்,
அதை நான்காய் மடித்துத் தன் அலமாரிக்குள் வைத்துக்கொண்டு
ஓட்டலுக்கு முப்பத்தொன்பது என்று கணக்கெழுதியது.
தோழியின் பெயரை நான் இங்கேயும் எழுதவில்லை.
அனுமதி தர வேண்டியவள் உயிரோடில்லை.

கடைசி நாள் ஒப்புதல் படிவத்தை நீட்டினேன்.
பத்தி மூன்று: பங்கேற்பாளரின் பாதுகாப்புக் கருதி
பெயர் மாற்றப்படும்.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.
இழுப்பறையிலிருந்து அடையாள அட்டை வந்தது,
அறுபத்தோராம் வயதில் கிடைத்தது,
உறைகூட இன்னும் பிரிக்கவில்லை.
"இதில் ஏறுவதற்கு இந்தப் பெயர்
எத்தனை கவுன்டரில் நின்றது தெரியுமா?
யாரிடமிருந்து என்னைப் பாதுகாக்கிறீர்கள்?
அடித்தவர்களுக்கு நான் யாரென்று அப்போதே தெரியும்.
படிக்கப்போகிறவர்களுக்குத்தான் தெரியாது."

விதி என்றேன். குழு என்றேன்.
என் குரல் எனக்கே
கவுன்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது.

மாத்தேயைக் கடைசிச் சொட்டுவரை
சத்தமாய் உறிஞ்சிவிட்டுச் சிரித்தாள்.
"பொய்ப் பெயர்தானே வேண்டும்?
என்னிடம் ஒன்று சும்மா கிடக்கிறது.
வால்டெமார்.
தேவாலயத்தில் தண்ணீர் ஊற்றி வைத்தது.
பள்ளிச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை,
கைதுச் சீட்டு பதினெட்டு, எல்லாம் அதன் பெயரில் உண்டு.
இவ்வளவு ஆதாரமுள்ள பொய்
உங்கள் பல்கலைக்கழகத்தில் கிடைக்காது."

பேனா மூடியைத் திறந்தேனா, மூடினேனா,
நினைவில்லை.
பதிவில் ஒரு க்ளிக் மட்டும் கேட்கிறது.

குழுவுக்கு எழுதி ஒன்பது வாரம்.
பதில் வரும்வரை கோப்பில் அவள் ப-7.
இது கோப்பில் சேராத தாள்.

நேற்று அழைத்தாள்.
"என்ன, நான் யார் என்று முடிவு செய்துவிட்டார்களா?"
பின்னால், உஸ்.
இன்னும் இல்லை என்றேன்.
"சரி, இருக்கட்டும்.
அந்த நாய் பெட்டை.
போன தடவை சொல்ல மறந்துவிட்டேன்,
எழுதிக்கொள்."