எத்தனை மா தாங்கும்

பானங்களை நான் நாக்கால் அளப்பதில்லை.
குடித்து முடித்ததிலிருந்து
கண் சொக்கும் வரைக்கும்
எத்தனை மா அறுத்தேன் என்பதுதான் கணக்கு.

கோட்டூர் பெட்டிக்கடையில்
இருபது ரூபாய்க்கு விற்கும் சிவப்பு பாட்டில்:
இருமல் மருந்தில் சோடா ஊற்றியது மாதிரி.
இரண்டு மா தாங்கும்.
மூன்றாவது மாவில்
முதலில் கொட்டாவி வரும், பிறகு வரப்பு வரும்.

ஆரஞ்சு வாசனை குளுக்கோஸ் தூள்:
பல்லில் மணல். அரை மா.
அதுவும் பகலில் மட்டும்.

ஆஸ்பத்திரி உப்புக்கரைசல் பொட்டலத்தை
கேன் தண்ணீரில் கலக்கித் தந்தான் கிளீனர் பிர்ஜு.
அழுதுவிட்டு உதட்டை நக்கினால் வருமே, அது.
தூக்கத்தை ஒன்றும் செய்யாது.
கெண்டைக்கால் இழுப்பதை நிறுத்தும்.
போகட்டும் என்று ஒரு மா போட்டேன்.

மன்னார்குடி மெடிக்கலில் வாங்கிய புரோட்டீன் பால்
வயிற்றுக்குள் தனியாக ஒரு மிஷின் ஓட்டியது.
அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

தை கடைசி.
கடலில் ஏதோ சுழல்வதாக எல்லார் போனும் சொன்னது.
மேகம் மூடினால் பனி இறங்காது.
கதிர் நனையாது.
அன்றைக்கு ராத்திரி மிஷின் நிற்க
என் கண்ணைத் தவிர காரணமே இல்லை.

வேம்பரசிக்கு நாலு மா, குத்தகை.
பொழுது சாயவே வந்து பெயர் சொல்லிவிட்டு
ஒரு சிவப்பு பாட்டிலை
முந்தானையில் துடைத்து சீட்டில் வைத்தாள்.
"தூங்கிடாதீங்க தம்பி, அடுத்தது என்னுது."
சரிங்கக்கா என்றேன்.
சொன்னேன்தான்.

பதினோரு மணிக்கு
புல்லட்டை வரப்போரம் நிறுத்தினான்
சௌரிராசன் மகன்.
முக்கால் வேலி.
பின்சீட்டில் கட்டிய தெர்மாகோல் பெட்டியைத் திறந்தான்.
ஐஸுக்குள் கறுப்பு டப்பாக்கள்,
புதைத்து வைத்த மாதிரி ஆறு.
"நூத்தம்பது ரூபா, திருச்சி சரக்கு" என்றான்.
வேறெதுவும் சொல்லவில்லை.
ஹெட்லைட்டில் பிடித்து எழுத்தைப் படித்தேன்:
குழந்தைகள், கர்ப்பிணிகள்,
பாலூட்டும் தாய்மார்கள் தவிர்க்கவும்.
"டிரைவர்?" என்று கேட்டான் பிர்ஜு.
டிரைவர் பேர் போடவில்லை.

முதல் மடக்கு உருகிய ஜவ்வு மிட்டாய்.
அதற்கு அடியில்
பேட்டரி முனையை நாக்கில் வைத்த கூச்சம்.
பத்தாவது நிமிஷம்
காது மடல் சூடானது.
ஸ்டியரிங்கில் என் விரல்கள்
யாருடையதோ போல் சுறுசுறுப்பாக இருந்தன.
ஒரே டப்பா.
பதினைந்து மா.
இதுவரை எதுவும் எட்டாத எண்.

கடைசி டேங்க் நெல்லை டிராக்டரில் கொட்டி
தார்ப்பாய் இழுத்துக் கட்டவும்
நாலு மணிக்கு மழை.

வேறு பானமென்றால் அப்போது தூங்கியிருப்பேன்.
இது விடவில்லை.
கண் இமை ஒட்ட மறுத்தது,
நெஞ்சு இன்னும் அறுத்துக்கொண்டிருந்தது.
உட்கார்ந்த இடத்திலிருந்து
விடிய விடியப் பார்த்தேன்,
நாலு மாவும் பகுதி பகுதியாகப் படுப்பதை.

யூரியா சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்து
வரப்பில் நின்றாள்.
டப்பாவைக் கேட்கவில்லை. பாட்டிலையும் கேட்கவில்லை.
"தண்ணி வடிஞ்சா மிஷின் இறங்குமா?"
"செயின் வண்டி, இறங்கும்.
சாஞ்ச பயிருக்கு மணி கூட ஆகும்."
பொய் இல்லை.
மணிக்கு என்ன வாடகை என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் முதலாளி போன் செய்தார்.
ஒரத்தநாட்டுக்கு ஏற்றிவிட்டார்கள் வண்டியை.

சிவப்பு பாட்டில் சீட்டுக்கு அடியில் கிடக்கிறது.
திரும்பும் ஒவ்வொரு முனையிலும்
இந்தப் பக்கம் உருண்டு
அந்தப் பக்கம் இடிக்கிறது.
எடுத்து வெளியே போடச் சொன்னால்
பிர்ஜு என்னைப் பார்க்கிறான்.

மூடியில் அச்சடித்த தேதி ஆகஸ்டோடு முடிகிறது.
குறுவை அறுப்புக்கு
நான் இந்தப் பக்கம் வருவது புரட்டாசியில்.