ஷேடு வித்தியாசம்

காரணம்பேட்டை நாலுரோட்டில்
கோழிவண்டி சடன் பிரேக் போட்டது.
பின்னால் போன கார் நின்றது.
அதற்கும் பின்னால் போன நான்
ஒரு முழம் தாமதமாக நின்றேன்.

டிபன் கேரியர் நழுவி விழுந்த மாதிரி ஒரு சத்தம்.
வலதுபக்கப் பின்விளக்கின் கண்ணாடி மூன்று துண்டு.
இறங்கி வந்தவருக்கு ஏதோ முகூர்த்தத்துக்கு நேரமாகியிருந்தது.
"உடுங்க அம்மிணி, பாத்துப் போங்க" என்றார்.
நான்தான் போன் நம்பரை எழுதிக் கொடுத்தேன்,
அவர் கேட்காமலே.

எட்டு மாதம் கழித்து
கப்பலேற வேண்டிய பனியன்களை
டியூப்லைட்டுக்கு அடியில் புரட்டிக்கொண்டிருந்த மதியம்
போன் வந்தது.
"கோகிலவாணி மேடமா?
உங்க பேர்ல நாற்பத்தெட்டாயிரத்து அறுநூறு
நிலுவைல இருக்கு."

நிலுவை எனக்குப் புதுச் சொல் இல்லை.
சீட்டுக்காரருக்கு நிலுவை,
மகளின் ஹாஸ்டலுக்கு நிலுவை,
பால்காரருக்கு எப்போதும் ஒரு இருநூறு.
அவர்கள் எல்லோரிடமும் நான் எதையாவது வாங்கியிருந்தேன்.
"இது எப்ப வாங்குனதுங்க?" என்றேன்.

கோர்ட்டு என்றான்.
சிபில் ஸ்கோர் என்றான்.
வீட்டுக்கு ஆள் வரும் என்றான்.
"வரட்டுங்க. வர்றவங்க கையில பில்லைக் குடுத்து உடுங்க."

பில் வாட்ஸப்பில் வந்தது.
பின்பம்பர், டிக்கிக் கதவு,
இடதுபக்கக் கதவு இரண்டு,
பெயின்ட், பேர்ல் ஒயிட், மூன்று லிட்டர்.

பத்தொன்பது வருடமாக செக்கிங் செக்ஷனில் இருக்கிறேன்.
வெள்ளை என்று ஒரு நிறம் கிடையாது.
நீலம் பூத்த வெள்ளை, பால் வெள்ளை,
ரெண்டு தண்ணி கண்ட வேட்டி வெள்ளை.
காலர் ஒரு வெள்ளை, உடம்பு ஒரு வெள்ளை என்று
கடல்தாண்டிப் போன சரக்கு முழுசும்
திரும்பி வந்ததைப் பார்த்தவள்.

பழக்கதோஷம், அன்றைக்கு ஒரு போட்டோ எடுத்திருந்தேன்.
உடைந்த விளக்கின் விளிம்பில்
கோழிவண்டியிலிருந்து பறந்த இறகு ஒன்று
ஒட்டிக்கொண்டிருந்தது.
இறகை விரலால் மறைத்தால் கார் வெள்ளை.
விரலை எடுத்தால்
கார் நேற்றைய மோர்.

இவர்கள் பெயின்ட் அடித்தது வேறு யாருடைய வண்டிக்கோ.

வக்கீல் குமாஸ்தா தலையில் அடித்துக்கொண்டார்.
"எல்லாத்தையும் மறுத்து எழுதுங்க.
ஒரு ரூவா குடுத்தாலும் ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்."
"ஒத்துக்கறதை மட்டுந்தானுங்க எழுதறேன்."

எழுதினேன்.
வலதுபக்க விளக்கை உடைத்தது நான்.
இடதுபக்கக் கதவுகளை நான் பார்த்ததுகூட இல்லை.
பில்லில் உள்ள வெள்ளையும் படத்தில் உள்ள வெள்ளையும்
ஒரே லாட் அல்ல.
விளக்குக் கண்ணாடி இரண்டு கடையில் விசாரித்தேன்,
எண்ணூற்று ஐம்பது. செக் இணைத்துள்ளேன்.
ஒப்புகை அட்டையோடு பதிவுத்தபாலில் அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து மறுபடி அதே குரல்,
இந்த முறை மேடம் இல்லை.
"ஏனுங்க்கா, கோழி றெக்கையெல்லாம் ஒரு சாட்சிங்களா?"
சிரித்தான். நானும் சிரித்திருக்கக் கூடாது.
பிறகு பக்கத்தில் ஆள் இருக்கிற குரலில்,
"இந்த லிஸ்ட்டு மூணு கை மாறி வந்ததுங்க்கா.
நான் உட்டாலும் அடுத்தவன் கூப்புடுவான்."
"எந்த ஊரு தம்பி நீ?"
போன் கட்டாகிவிட்டது.

பாஸ்புக் பதிந்து வந்தேன்.
எண்ணூற்று ஐம்பது எடுக்கப்பட்டிருந்தது.
அதில் மட்டும் அவர்களுக்குத் தகராறு இல்லை.

நேற்று வேறொரு கம்பெனி, பெண்குரல்.
தொகை இறங்கியிருக்கிறது, முப்பத்தொன்றாயிரம்.
கடிதம், பில், படம், ஒப்புகை அட்டை,
பாஸ்புக்கில் அந்த ஒற்றை வரி,
எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு
பல்லடம் பஸ் ஸ்டாண்டு எதிரில் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன்.

கடைப்பையன் கட்டை வாங்கி மெஷினில் வைத்தான்.
"படத்தை மட்டும் கலர்ல போடு" என்றேன்.
"வெள்ளைக் காருக்கு எதுக்குங்க்கா கலரு?
பக்கம் பத்து ரூவா ஆகும்."

"ஆகட்டும் போடு."