ஞ எழுதிய வாரம்

திங்கள் காலை எட்டே முக்காலுக்கு
கரும்பலகையின் நடுவில் ஞ எழுதினேன்.
சாக்கட்டி உடைந்து வால் கொஞ்சம் நீண்டுவிட்டது.
சொல்லிக் காட்டலாமென்று திரும்புவதற்குள்
ஒலிபெருக்கி என் ஆறு பேரையும் மைதானத்துக்குக் கூப்பிட்டது.

மஹேபூரில் திங்கள் சந்தை நாள்.
தக்காளிக்காரர்கள் விலையை மறந்து
வேலிக் கம்பியில் முகம் பதித்து நின்றார்கள்.
பாதி ஓட்டத்தில் லவனேசனின் இடது சப்பாத்து வாய் பிளந்தது.
கழற்றி எறிந்தான்.
ஒற்றைக் காலுறையோடு மூன்றாம் இடம்.
எறிந்தது யாருடைய வெங்காயக் கூடையில் விழுந்ததோ
இன்றுவரை தகவல் இல்லை.

செவ்வாய், பல் மருத்துவர் வண்டி.
என் வகுப்பில் மூடச் சொன்னாலும் மூடாத வாய்கள்
அங்கே திறக்கச் சொன்னதும் பூட்டிக்கொண்டன.
நாற்பத்தொரு சொத்தைப் பல். ஒரு கடி, மருத்துவருக்கு.
கடி மட்டும் பதிவேட்டில் ஏறவில்லை.
மாலையில் பிரெஞ்சுக் கவிதை ஒப்பித்தல்.
வீங்கிய கன்னத்தோடு மேடையேறிய ஜைனப்
கடல் என்ற சொல்லை மூன்று விதமாகச் சொல்லி
இரண்டாம் பரிசு வாங்கினாள்.
முதல் பரிசுக்காரன் வண்டிப் பக்கமே போகவில்லை,
அது கணக்கில் வராதா என்று கேட்டாள்.

பலகையில் பிரெஞ்சு ஆசிரியர் வினைச்சொற்களை இடப்பக்கம் எழுதினார்.
கணக்கு வலப்பக்கம்.
நடுவில் இருப்பதை யாரும் தொடவில்லை,
அறிமுகமில்லாத விருந்தாளிக்கு வழிவிடுவதைப் போல.
யாரோ அதற்கு இரண்டு கொம்பு மட்டும் வரைந்திருந்தார்கள்.
"கூர்பா" என்றான் கடைசி வரிசையில் ஒருவன்.
நத்தை.
பார்த்தேன். இல்லையென்று சொல்ல முடியவில்லை.

புதன், தோட்டப் போட்டி.
நடுவர்கள் மூன்று, குடை இரண்டு.
எங்கள் பூசணியை நிறுக்கப் பள்ளியில் தராசு இல்லை.
மீன் கடையிலிருந்து யோவானியின் அப்பா கொண்டுவந்தார்,
செதில் ஒட்டியபடியே.
ஏழு கிலோ முன்னூறு. மாவட்டத்தில் முதல்.
வெட்டிய மஞ்சளை முகர்ந்த நடுவர்
"கடல் வாசம்" என்று குறித்துக்கொண்டார்.
நிறையாகவா குறையாகவா என்று நாங்கள் கேட்கவில்லை.

வியாழன் மழை. மண்டபம் ஒழுகியது.
செகா ஒத்திகை என் அறைக்கு வந்தது.
பெஞ்சுகள் சுவரோரம் போயின.
ஈரத்தில் தொய்ந்த ராவான் தோல்
தட்டினால் நனைந்த பஞ்சு.
"அனல் காட்டணும், காகிதம் இருக்கா மிஸ்?" என்றாள் அனாயெல்.
என்னிடம் இருந்தது இந்த வாரப் பாடத்திட்டம்:
நோக்கம், துணைக்கருவி, எதிர்பார்க்கும் விளைவு,
ஐந்து தாள், இருபுறமும் மையில்.
தாழ்வாரத்தில் நன்றாகவே எரிந்தது.
தோல் இறுகி முதல் அடி விழுந்தபோது
ஜன்னல் அதிர்ந்தது. நானும்.

வெள்ளி, பரிசளிப்பு.
தலைமையாசிரியை மதாம் லாப்ரோஸ்
நூற்றுப்பன்னிரண்டு பெயரை ஒரே மூச்சில் வாசித்தார்.
பூசணிக்குக் கோப்பை. பூசணி சமையலறையில்.
மணி அடித்த பிறகு லவனேசன் வந்தான்.
வலது காலில் தன்னுடையது,
இடது காலில் அண்ணனுடையது, ஓர் அளவு பெரிது.
சான்றிதழைக் கவிழ்த்து நீட்டினான்.
"பின்னால தமிழ்ல என் பேர் எழுதுங்க."
எழுதினேன்.
விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தேடினான்.
"கூர்பா எங்கே?"
"உன் பெயரில் இல்லையப்பா."
சப்பாத்து பிளந்தபோதுகூட அவன் முகம் இப்படி வாடவில்லை.
"யார் பேர்ல இருக்கு?"
பதிவேட்டைப் புரட்டினேன்.
வீராப்பென் இல்லை, சினியென் இல்லை,
ஆறு பேரில் ஒருவரிடமும் இல்லை.
எத்தனை வருடம் இந்தப் பதிவேடு!
இன்றுதான் பார்க்கிறேன்.

"ஞாயிற்றுக்கிழமையில் இருக்கு" என்றேன், தோற்றவளைப் போல.
யோசித்தான். விரல் விட்டு எண்ணினான்.
"திங்கட்கிழமை கிளம்பிச்சு இல்லையா மிஸ்,
இன்னும் ரெண்டு நாள்ல போய்ச் சேர்ந்துடும்."

ஈரத்துணியோடு ரோஸ்மே வந்தாள்.
வினைச்சொற்களைத் துடைத்தாள். கணக்கைத் துடைத்தாள்.
நடுவில் கை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.
வெளியே படியில் ஒரு சப்பாத்து சரியாகவும்
ஒரு சப்பாத்து லொடலொடவென்றும் இறங்கிப் போனது.