கூடைக்கு டிக்கெட்

ஷெட்டில் நிற்கிறது வெயிலுகந்தாள்.
மூன்று நாளுக்கொருமுறை போய்
இன்ஜினை உறுமவிட்டு வருவேன்,
பேட்டரி செத்துவிடக் கூடாதென்று.
ஏப்ரல் கடைசியில் போலீஸ் அதையும் நிறுத்தியது.

தேவிபட்டினத்தில் ஒற்றை அறை எனக்கு.
பிரசவத்துக்குப் போன செங்கமலம்
அருப்புக்கோட்டையில் அகப்பட்டுக்கொண்டாள்.
இ-பாஸுக்கு மூன்றுமுறை போட்டேன்.
நிராகரிக்கப்பட்டது, நிராகரிக்கப்பட்டது,
நல்ல தமிழில்தான் வந்தது.
கடலுக்குள் நிற்கும் ஒன்பது கல்லும்
அந்த மாதங்களில்
யாருடைய தோஷத்தையும் வாங்காமல்
சும்மா நனைந்தன.

அப்போதுதான் சீனி காதர் அனுப்பினான்
ஒரு பஸ் ஓட்டும் கேமை.
என் கண்டக்டர் அவன். திருப்பாலைக்குடிக்காரன்.
இடையில் அரைமணி ரோடு, மூன்று தடுப்பு.
"இறக்கிக்கண்ணே, நெட்டு ரொம்ப இழுக்காது."

இந்தோனேசியா ரோடாம்.
பார்த்தால் நம்ம கிழக்குக் கடற்கரைச் சாலை:
ஒருபக்கம் தென்னை, ஒருபக்கம் கண்கூசும் நீலம்.
சீமைக்கருவை மட்டும் ஒன்றுகூட இல்லை.
நம் ஜில்லாக்காரன் வரைந்திருந்தால்
அதை மறந்திருக்க மாட்டான்.
போனைச் சாய்த்தால் வண்டி திரும்புகிறது.
பதினெட்டு வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை
முதல் வளைவிலேயே கடலுக்குள் இறக்கியது.
தண்ணீரில் நின்று வைப்பர் ஆடியது.
ஒருவரும் அலறவில்லை.

போடியில் ஒரு பையன். முகம் பார்த்ததில்லை.
ஏர்ஹார்ன் தம்பி என்று பெயர் வைத்திருந்தான்.
போட்டோ கேட்டு வாங்கி
நம் வண்டிக்கே பெயின்ட் அடித்துக் கொடுத்தான்:
நெற்றியில் வெயிலுகந்தாள்,
முதுகில் முதலாளி மகள்கள் இருவர் பெயர்,
இடது விளக்கோரம்
டிராக்டர் கீறிய கோடு முதற்கொண்டு.
காசு வேண்டாமென்றான்.
அவன் அப்பா அப்போது எந்த வார்டில் கிடந்தார் என்பதைப்
பிற்பாடுதான் சொன்னான்.

ராத்திரி பத்துக்குக் கூடுவோம்.
பதினான்கு வண்டி, வரிசையாக.
கிள்ளானில் ஒருவன், குவைத் கேம்பில் இருவர்,
மிச்சமெல்லாம் என்னைப்போல நிறுத்திப்போட்டவர்கள்.
அவரவர் ரூம் ஃபேன் சத்தம் ஹெட்போனில் கலந்து
ஒரே இன்ஜினாக இரையும்.

கேமில் கண்டக்டர் கிடையாது.
அதனால் சீனி காதர் குரலாக ஏறிக்கொண்டான்.
விசிலை நிஜமாகவே ஊதுவான்.
"பேராவூர் இறங்கு. தேவிபட்டினம் முன்னாடி வா.
உப்பூர் இருக்கா, உப்பூர்?"
ஜாவாவின் இருட்டில்
எங்கள் ஊர்கள் ஒவ்வொன்றாய் வந்து நின்றன.
ஏறுகிறவர்களுக்கெல்லாம் ஒரே முகம், ஒரே சட்டை.
சில்லறை பாக்கி இல்லை.
"செத்த சவாரிண்ணே. ஒருத்தியாவது திட்டுறாளா பாரு."

பாலத்தின் நடுவில் ஒருநாள் வீடியோ கால் குறுக்கிட்டது.
ரோடு மறைந்து
துணியில் சுற்றிய சிவந்த முகம், திரை முழுக்க.
பின்னால் நின்ற பதின்மூன்று வண்டியும்
வழிவிடச் சொல்லி ஹார்ன் அடித்திருக்கின்றன.
விஷயம் தெரிந்ததும்
இன்னொருமுறை அடித்தார்கள், ஐந்து நிமிஷம்.

செப்டம்பரில் ரோடு திறந்தது.
தொண்டியிலிருந்து திரும்பும் நடை.
உப்பூர் வளைவில் என்னையறியாமல்
உடம்பைச் சாய்த்தேன். வண்டி கேட்கவில்லை.
உள்ளே ஏழு பேர், ஜன்னலுக்கொருவராக.
எல்லோருக்கும் ஒரே முகம், நீலத்துணி.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
இது எந்த ரோடு என்று
ஒரு கணம் எனக்குச் சந்தேகம்.

மோர்ப்பண்ணையில் ஒரு நண்டுக்கூடை ஏறியது,
அதற்குக் கீழே ஓர் ஆள்.
"யாத்தா, கூடைக்கும் டிக்கெட்டு."
மாஸ்க் கழுத்துக்கு இறங்கியது.
இருளாயி.
ஆறு மாசம் வாயைக் கட்டிக் கிடந்த பாக்கியெல்லாம் சேர்த்து
அவன் வம்சத்தை, முதலாளியை, சர்க்காரை,
நண்டொன்று நழுவி சீட்டுக்கடியில் ஓடுவதைக்கூடப் பார்க்காமல்
திட்டினாள், திட்டினாள்.

கண்ணாடியில் பார்த்தேன்.
டிக்கெட்டைக் கிழிக்க மறந்து
விசிலும் கையுமாக நிற்கிறான் சீனி காதர்.
திருப்பாலைக்குடி வரும்வரை
இரண்டாவது கியரிலேயே ஓட்டினேன்.