பதினேழாம் பக்கம்

வெஸ்ட்ரே தீவுப் படகு
புதன்கிழமை மட்டும்தான் என் வேனை ஏற்றிக்கொள்ளும்.
உள்ளே ஆயிரத்து எண்ணூறு புத்தகம்,
ஒரு ஹீட்டர், பிஸ்கட் டின்,
அப்புறம், அலுவலகம் தந்த அழிரப்பர்.

"காதல் நாவல்களில் கிறுக்குகிறார்கள், ஹெடில்.
திரும்பி வந்ததும் துடைத்துவிடு."

கிறுக்கல் இல்லை அது.
படித்ததையே மறுபடி எடுத்து ஏமாறாதிருக்க
பதினேழாம் பக்க மூலையில்
ஆளுக்கொரு குறி.
மெர்ரன் லிங்க்லேட்டர் மீன்முள் வரைவாள்.
இங்கா ஃப்ளெட்டுக்கு இரண்டு புள்ளி.
தோரா ஒரு கோடு இழுப்பாள்,
காகிதம் கிழிகிற அழுத்தத்தில்.

மூன்றாம் குளிர்காலத்தில்
குறிகள் பேசத் தொடங்கின.

"இவள் எதற்கு எப்போதும் தடுக்கி விழுகிறாள்?
செருப்பு சரியில்லையா?"
அதன் கீழே வேறு கையெழுத்து:
"விழட்டும். எழுந்திருக்கத் தெரிந்தால் போதும்."
அதற்கும் கீழே, பொடி எழுத்தில்:
"என்னைத் தாங்க ஒருவரும் வந்ததில்லை.
எனக்கு விழுவது பிடிக்கும்."

காற்று வேனை ஆட்ட,
டீசல் நெடியில் உட்கார்ந்து
அழிரப்பரைக் கையில் வைத்தபடி
படித்துக்கொண்டே இருந்தேன்.

தோரா நண்டுத் தொழிற்சாலையில்
பதினோரு வருடமாய் ஓடு உடைக்கிறாள்.
"கதையில் ஒருத்திக்கும் கை நாறுவதில்லை.
எலுமிச்சை தேய்த்தும் போகாத கை.
அதை ஒருவன் முகர்ந்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் இருக்கட்டும்.
பிறகு நிலாவோ மெழுகுவத்தியோ
எது வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளுங்கள்."

"அவன் தோளுக்கு நாலு பக்கம்.
அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்பதற்கு
அரை வரி."
இதை யார் எழுதியது என்று தெரியவில்லை.
யாரும் மறுக்கவும் இல்லை.

கட்டில் காட்சி வரும் இடத்தில்
எழுபத்தொரு வயது இங்கா:
"கதவைச் சாத்து. மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்."
எதிர்ப்பக்கத்தில் மெர்ரன்:
"திறந்தே கிடக்கட்டும்.
சாத்திய கதவுக்குப் பின்னால்
எனக்கு முப்பது வருடம் ஒன்றுமே நடக்கவில்லை."
இரண்டு மாதம் அந்தப் புத்தகம்
இரண்டு வீட்டுக்கும் நடுவே போய்வந்தது.
கடைசியில் இங்கா இறங்கி வந்தாள்:
"சரி, திற. ஆனால் நடுவில் அவள் சிரிக்க வேண்டும்.
முழங்கை இடித்து, போர்வை நழுவி,
இரண்டு பேரும் சிரித்து
மறுபடி முதலிலிருந்து.
சிரிக்காத காட்சி ஜெபக்கூட்டம் மாதிரி."

பிப்ரவரியில் ஒரு புதுக் கை.
பதினேழில் குறியே இல்லை.
நூற்று நாற்பத்திரண்டாம் பக்கத்தில்,
நாயகி 'வேண்டாம்' என்று சொல்ல,
அவன் நிறுத்தி, கோட்டை மாட்டிக்கொண்டு
தேநீர் போடப் போகிற வரிக்குப் பக்கத்தில்,
பென்சில் பட்டும் படாமல்:

"மூன்று முறை படித்தேன்."

கார்டைப் புரட்டினால் பெயர் தெரியும்.
அறுநூறு பேர் வாழும் தீவில்
அலர் எழ ஒரு கார்டு போதும்.
புரட்டவில்லை.

ஏப்ரலில் அது திரும்பி வந்தது.
அந்த வரிக்குக் கீழே ஒரு மீன்முள்.
இரண்டு புள்ளி.
காகிதம் கிழியாதபடி
மெல்ல இழுத்த ஒரு கோடு.
எல்லாவற்றுக்கும் சண்டை போடுகிறவர்கள்
ஒரு சொல்கூட எழுதவில்லை.

படகு கிளம்பக் காத்திருந்த வரிசையில்
மற்ற பக்கங்களைத் துடைத்தேன்.
மடியெல்லாம் ரப்பர் துகள்.
என் வாழ்நாளில் எத்தனை முறை
அந்தத் தேநீரைப் போட எழாமல் இருந்தேன் என்று
எண்ணத் தொடங்கியிருந்தேன்.
பின்னால் நின்ற லாரிக்காரன்
ஹாரன் அடித்தான்.

அலுவலகப் படிவத்தில் எழுதினேன்:
அழித்தவை அறுபத்தொன்று.
அழியாதது ஒன்று.
காரணம் கேட்ட கட்டத்தில்
'பேனா மை' என்று
ஒரு பொய்.