உடையிற சாமானா?

திங்கள்சந்தை தபால் ஆபீசில்
டெல்பின் கேட்கிறாள்,
பெட்டியைத் தராசில் வைத்தபடி:
"உடையிற சாமானா?"

உடையாது.
கீழே போட்டால் சத்தம்கூட வராது.
ஆனால் நசுங்கும். ஈரம் குடிக்கும்.
குளச்சல் காற்றில் ஒரு ராத்திரி கிடந்தால்
உப்பேறிப் பிசுபிசுக்கும்.
மை ஒட்டும் என்று
தினத்தாளைத் தொடவில்லை;
செருப்புக்கடை வெள்ளைத் தாளைக் கசக்கித்
தொப்பிக்குள் திணித்தேன்.
ஓசூரில் இன்னும் பிறக்காத பிள்ளைக்கு
உத்தேசமாய் நான் உருட்டிய தலை.
மேலே பிளாஸ்டிக் உறை, அட்டை,
மூலைக்கு மூலை பழுப்பு டேப்.

"மதிப்பு எவ்வளவு போட?"
அறுநூற்றைம்பது என்றேன்.
முத்திரை விழுந்தது,
மெதுவாகத்தான்.

வீட்டுக்கு வந்தால்
கொக்கி ஊசியைக் காணோம்.
இரண்டாம் நம்பர், பிடி தேய்ந்தது.
மெத்தைக்கடியில், நூல் டப்பாவில்,
பூனை படுக்கும் சாக்கில்கூட
இல்லை.

ஆறாம் நாள் போன்.
"அக்கா, தொப்பி ரொம்ப அழகு.
உள்ளே பேப்பருக்குள்ள ஒரு கம்பி இருந்துச்சு.
திருப்பி அனுப்பட்டுமா?"

அனுப்பு என்று வைத்துவிட்டேன்.
அடுப்பில் மீன் கொதிக்கிறது.
தீயைக் குறைத்துவிட்டு
மறுபடி கூப்பிட்டேன்:

எதுல சுத்தப் போற, பிள்ளே?